மோட்டார் வண்டியின் மின்கம்பிகளும் எலியும்

ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில், பிரசவ வேதனையுற்ற தாயை ஏற்றிச் செல்ல வேண்டிய ஊர்தி நள்ளிரவில் கிளம்ப மறுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாட்டரி நன்றாக இருக்கிறது, எரிபொருளுக்கும் குறைவில்லை. எஞ்சின் மூடியைத் திறந்து விளக்கைப் பிடித்துப் பார்க்கையில், ஓரமாகச் செல்லும் மெல்லிய கம்பி ஒன்று அறுபட்டிருப்பதும், அருகே சிறு கரிய புழுக்கைகள் சிதறிக் கிடப்பதும் தெரிகின்றன. ஒரு முழம் கம்பியின் விலை மிகச் சொற்பம். ஆயினும் அந்த இரவில் அதன் மதிப்பு இரண்டு உயிர்களின் மதிப்பாகும்.

சிற்றூர்களில் வண்டியை நம்பிப் பணியாற்றும் களப்பணியாளர்க்கு இத்தகைய அனுபவம் புதிதன்று. கம்பியை மாற்றிய மறு வாரமே அதே இடத்தில் மீண்டும் சேதம் நேர்வதும் உண்டு. காரணம் வெளிப்படை. வண்டியில் நாம் காணும் சேதம் நோயின் அறிகுறி மட்டுமே. நோய் இருப்பது வண்டி நிற்கும் இடத்தில். இந்த உண்மையை விளக்கிக் காட்டுவதே இப்பாடத்தின் நோக்கம்.

எலி ஏன் கொறிக்கிறது?

எலி, அணில் முதலிய கொறிக்கும் பிராணிகளுக்கு மேல்தாடையில் இரண்டும் கீழ்த்தாடையில் இரண்டுமாக நான்கு வெட்டுப்பற்கள் உள்ளன. இவை ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. எலியின் வெட்டுப்பல் ஓராண்டில் 10 சென்டிமீட்டருக்கும் மேல் வளரும். மேற்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றோடொன்று உராய்வதாலும், கடினமான பொருள்களைக் கொறிப்பதாலும் தேய்ந்து தேய்ந்தே அவை உரிய அளவில் நிற்கின்றன. இப்பற்களின் முன்புறத்தில் மட்டுமே கடினமான எனாமல் உண்டு. பின்புறம் சற்று மெதுவான டென்டைன் என்னும் பொருளால் ஆனது. பின்புறம் விரைந்து தேய, முன்புறம் உளியின் வாயைப் போல எப்போதும் கூர்மையாக இருக்கிறது.

கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் தாமிரம் சுமார் 3. பல்லின் எனாமல் சுமார் 5. எனவே பிளாஸ்டிக் உறை மட்டுமன்றி அதனுள் இருக்கும் தாமிரக் கம்பியும் எலியின் பல்லுக்கு ஈடுகொடுக்க முடியாது.

வெட்டுப்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே எலியின் வாயில் ஓர் இடைவெளி இருக்கிறது. கொறிக்கும்போது உதட்டின் மடிப்புகள் அவ்விடைவெளியை அடைத்துக்கொள்ளும். துணுக்குகள் தொண்டைக்குள் செல்லாமல் வெளியே விழும். ஆகையால் கொறித்தல் வேறு, உண்ணுதல் வேறு. வண்டியின் அடியில் வண்ண வண்ணப் பிளாஸ்டிக் துணுக்குகள் கிடப்பதன் காரணம் இதுவே. தாவரப் பொருள் கலந்த புதுவகை உறைகளே எலியைக் கவர்கின்றன என்று இந்நாளில் பலர் கூறுவர். ஆனால் பழைய காலத்து ஈயக் குழாய்களையும் எலி கொறித்ததுண்டு. ஈயத்தில் அதற்கு உணவு ஏது? உறை எப்பொருளால் ஆனதாயினும், எலி செல்லும் வழியில் இருந்தால் கொறிபடும் என்று கொள்வதே தக்கது.

வண்டியை நாடுவது ஏன்?

எலிக்கு வேண்டியவை மூன்று: ஒளிவிடம், உணவு, நீர். ஓடி நின்ற எஞ்சின் நெடுநேரம் வெதுவெதுப்பாக இருக்கிறது. வட இந்தியக் குளிர்கால இரவுகளில் இந்த வெப்பம் எலிக்குப் பெரிய வரப்பிரசாதம். எஞ்சின் அறை இருட்டானது. உடலைச் சுவரோடு ஒட்டி நடக்கும் எலியின் இயல்புக்கு ஏற்ற குறுகிய சந்துகள் நிறைந்தது. சப்தத்தைத் தடுக்க மூடியின் உட்புறம் ஒட்டியுள்ள கம்பளம் போன்ற பொருள் கூடு கட்ட உதவுகிறது. இருக்கையின் கீழ் சிந்திய பொரியும் ரொட்டித் துணுக்கும் உணவாகின்றன.

அறுவடை முடிந்து வயல் வெறுமையானபோதும், மழைநீர் வளைகளை நிரப்பியபோதும் வயலெலிகள் கட்டடங்களை நோக்கி நகரும். அந்நாட்களில் கண்காணிப்பு மிகுதியாக வேண்டும். நெடுநாள் நகராமல் நிற்கும் வண்டிக்கும் ஆபத்து அதிகம். 2020-ஆம் ஆண்டு மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு நிலவியபோது, வாரக்கணக்கில் நின்ற வண்டிகளின் உரிமையாளர் பலர் இதை நேரில் அறிந்தனர்.

நன்றாக ஏறவல்ல வீட்டெலி, சிறு சுண்டெலி, வளை தோண்டும் பெருச்சாளி வகைகள், பகலில் திரியும் அணில் ஆகிய யாவும் இச்சேதத்தைச் செய்யக்கூடும். நீண்ட மூக்கும் துர்நாற்றமும் உடைய மூஞ்சூறு மட்டும் இவ்வினத்தைச் சேர்ந்ததன்று. அது பூச்சிகளைத் தின்னும் பிராணி. கம்பி சேதத்துக்காக அதைக் கொல்வது அறியாமையாகும்.

அபாயம் எத்தகையது?

முற்காலத்து வண்டிகளில் கம்பிகள் சிலவே. ஒன்று அறுந்தால் ஒரு விளக்கு எரியாது, அவ்வளவே. 2000-ஆம் ஆண்டில் பாரத் ஸ்டேஜ் புகை விதிகள் தொடங்கி, 2020 ஏப்ரல் 1 முதல் ஆறாம் நிலை விதிகள் நாடெங்கும் நடைமுறைக்கு வந்துள்ளன. எரிபொருளையும் புகையையும் அளந்து கட்டுப்படுத்தும் உணர்கருவிகள் இதனால் பெருகின. தற்காலக் கார்களில் கம்பிகளின் மொத்த நீளம் ஒரு கிலோமீட்டரைத் தாண்டுவது சாதாரணம். மயிர்போன்ற ஒரு கம்பி அறுந்தாலும் எஞ்சின் நின்றுவிடலாம். பிரேக்கில் சக்கரம் வழுக்காமல் காக்கும் அமைப்பு செயலிழக்கலாம்.

முழுதும் அறுந்த கம்பியைவிட, உறை மட்டும் உரிந்த கம்பி கொடியது. காரின் பாட்டரி 12 வோல்ட் அழுத்தம் உடையது. வண்டியின் உலோக உடலே மின்சாரம் திரும்பிச் செல்லும் வழி. 5 வாட் விளக்கு ஒன்று 0.42 ஆம்பியர் அளவே மின்சாரம் ஏற்கிறது. ஆனால் உறை உரிந்த கம்பி உலோக உடலைத் தொட்டு, சுற்றின் மொத்தத் தடை 0.1 ஓம் ஆகக் குறைந்தால், ஓம் விதிப்படி 120 ஆம்பியர் மின்சாரம் பாயும். அப்போது தோன்றும் வெப்பம் 1,440 வாட்; ஒரு மின்னடுப்பின் வெப்பத்துக்கு நிகர். பியூஸ் இருந்தால் அது உருகி வண்டியைக் காக்கும். பாட்டரியிலிருந்து ஸ்டார்ட்டருக்குச் செல்லும் பருத்த கம்பிக்கோ பல வண்டிகளில் பியூஸ் இல்லை. அருகில் எரிபொருள் குழாயும் கொறிபட்டிருக்குமானால் தீவிபத்து நேரலாம்.

சேதம் கண்டவுடன் செய்யத்தக்கவை

புழுக்கை, சிறுநீர் நாற்றம், துணுக்குகள், கூடு ஆகியவற்றுள் எதைக் கண்டாலும் எஞ்சினைக் கிளப்பலாகாது, சாவியையும் திருப்பலாகாது. எரிபொருள் நாற்றம் வீசினால் வண்டியை விட்டு விலகி, பணிமனைக்குச் சொல்லியனுப்புக. நாற்றம் இல்லையெனில், முதலில் பாட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றிவிடுக. மின்கார்களில் செம்மஞ்சள் நிற உறையிட்ட கம்பிகள் பலநூறு வோல்ட் அழுத்தமுடையவை. அவற்றைக் கையால் தீண்டவே கூடாது. காற்றுப்பைக்குச் செல்லும் கம்பிகளும் பயிற்சி பெற்றவர்க்கே உரியவை.

எலியின் சிறுநீர் வழியே லெப்டோஸ்பைரோசிஸ் என்னும் காய்ச்சல் மனிதரைத் தொற்றக்கூடும். ஆகவே ரப்பர் கையுறை அணிந்து, புழுக்கையையும் கூட்டையும் கிருமிநாசினி நீரால் நனைத்த பின்னரே துணியால் துடைத்தெடுக்க வேண்டும். உலர்ந்த நிலையில் பெருக்கினால் தூசி மூச்சில் கலக்கும். காற்று வடிகட்டிப் பெட்டியையும் மறவாமல் திறந்து பார்க்க வேண்டும். கூடு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

அறுந்த கம்பியை முறுக்கி, நாடாவைச் சுற்றிவிடுவது பழுது நீக்கலன்று. அத்தகைய இணைப்பில் ஈரம் புகும், தடை மிகும், வெப்பம் தோன்றும். அதே பருமனும் அதே நிறமும் உடைய கம்பியைச் சேர்த்து, உலோகக் குழலை அமுக்கி இணைத்தோ பற்றவைத்தோ, சூட்டினால் சுருங்கும் குழலுறையால் மூட வேண்டும். உருகிய பியூசுக்குப் பதிலாகப் பெரிய பியூசையோ வெறுங்கம்பியையோ இடுவது, காவற்காரனை வெளியேற்றிவிட்டுக் கதவைத் திறந்து வைப்பதை ஒக்கும்.

இடத்தைச் சீர்செய்தல்

எலியின் கருப்பகாலம் ஏறக்குறைய மூன்று வாரங்களே. ஓர் ஈற்றில் பல குட்டிகள் பிறக்கும். உணவும் ஒளிவிடமும் உள்ள இடத்தில் சில எலிகளைக் கொன்றால், அக்கம்பக்கத்து எலிகள் வந்து காலியிடத்தை நிரப்பிவிடும். எனவே கொல்வதற்கு முன் குறைக்க வேண்டியது இடத்தின் வசதியை.

கொட்டகையில் தானிய மூட்டை, கோழித்தீனி, பழைய டயர், விறகு, சாக்கு ஆகியவற்றைச் சேர்த்து வைக்கலாகாது. குப்பைத்தொட்டிக்கு இறுக்கமான மூடி வேண்டும். சொட்டும் குழாயைப் பழுது பார்க்க வேண்டும். சுவரைச் சுற்றிப் புதர் வளரவொட்டாமல் செய்து, கூரைமேல் சாயும் கிளைகளைக் கழிக்க வேண்டும். சுண்டெலி 6 மில்லிமீட்டர் இடைவெளியிலும் நுழைந்துவிடுமாதலால், கதவின் அடிப்பகுதிக்குத் தகடு அடித்து, துளைகளைச் சிமெண்டாலும் நெருங்கிய கம்பிவலையாலும் அடைக்க வேண்டும்.

இவற்றின் பின்னரே பொறி. வீட்டெலி புதிய பொருளைக் கண்டால் ஐயுற்று விலகும் இயல்புடையது. ஆதலால் முதல் சில நாட்கள் பொறியை விசையேற்றாமல், தீனி மட்டும் வைத்துப் பழக்குக. நடு அறையில் அன்று, சுவரை ஒட்டி எலி செல்லும் பாதையில் பொறி இருக்க வேண்டும். வண்டிக்குள் நஞ்சு வைப்பது பெருந்தவறு. நஞ்சுண்ட எலி எட்டாத சந்தில் மடிந்து நாறும். அல்லது வெளியே விழுந்து பூனைக்கும் கூகைக்கும் இரையாகி அவற்றையும் கொல்லும். மஞ்சள் பாஸ்பரஸ் பசையை மனிதர் உண்டால் அதற்கு மாற்று மருந்தே இல்லை. சிறுவர் நடமாடும் பள்ளிகளில் அது இருத்தலே ஆகாது.

வழக்கிலுள்ள சில உபாயங்கள்

புகையிலை, நாப்தலீன் உருண்டை, மிளகுத்தூள் ஆகியவற்றின் வாசனை எஞ்சின் வெப்பத்தில் விரைவில் அகலும்; உலர்ந்த புகையிலை தீப்பற்றவும் கூடும். மனிதச் செவிக்குப் புலப்படாத ஒலியை எழுப்பும் கருவிகள் விற்கப்படுகின்றன. அவ்வொலி தடைகளைக் கடந்து செல்வதில்லை. எலிகளும் நாளடைவில் அதற்குப் பழகிவிடும். மிளகாயின் காரப்பொருள் கலந்த நாடாவைக் கம்பிமேல் சுற்றுவதும், கம்பிகளை உலோகப் பின்னலுறையால் மூடுவதும் ஓரளவு பயன்படும். எனினும் இவை துணைகளே. சுத்தமான கொட்டகைக்கு ஈடாகா. செலவில்லாத நல்வழி ஒன்றுண்டு: வண்டியை அடிக்கடி ஓட்டுக, வாரம் ஒருமுறையேனும் மூடியைத் திறந்து வெளிச்சம் பாய்ச்சிப் பார்க்க.

வகுப்பறைக்கு இரண்டு செயல்கள்

முதலாவது: கொட்டகைத் தரையில் சுவரோரமாக முகப்பவுடரை மெல்லிய படலமாக மாலையில் தூவிவிடச் செய்க. மறுநாள் காலையில் காலடித் தடங்களும், அவற்றினிடையே வால் இழுபட்ட கோடும் தெரியும். அவை செல்லும் திசையைப் படமாக வரைந்தால், பொறி வைக்க வேண்டிய இடம் தானே புலப்படும்.

இரண்டாவது: பள்ளித் திடலிலுள்ள வளைகளை எண்ணி, ஆசிரியரே அவற்றின் வாய்களை மாலையில் மண்ணால் மூடுக. மறுநாள் திறந்திருப்பவை உயிர்வளைகள். கொட்டகையைச் சுத்தம் செய்யும் முன்பும், ஒரு திங்கள் கழித்தும் இக்கணக்கை எடுத்து ஒப்பிட்டால், செய்த பணியின் பயனை மாணவர் எண்களால் அறிவர். பாம்பு இருக்கக்கூடுமாதலால் எவரும் வளைக்குள் கைவிடலாகாது.

பயிற்சி வினாக்கள்

1. எலியின் வெட்டுப்பல் மழுங்காதிருப்பது எவ்வாறு?
2. கொறித்தலும் உண்ணுதலும் வேறென்பதற்குச் சான்று யாது?
3. முழுதும் அறுந்த கம்பியைவிட உறை உரிந்த கம்பி அபாயமானது ஏன்? 12 வோல்ட் பாட்டரியில் சுற்றின் தடை 0.2 ஓம் ஆயின் மின்சாரம் எவ்வளவு?
4. உமது நிலையத்தின் வண்டி நிற்கும் இடத்தைச் சுற்றி நடந்து, எலிக்கு உணவு, நீர், ஒளிவிடம் தரும் பொருள்களைப் பட்டியலிடுக. அவற்றுள் இன்றே அகற்றத்தக்கவை எவை?

நான்காவது வினாவுக்கு விடை தாளில் எழுதுவதோடு முடிவதன்று. அப்பட்டியலில் உள்ளவற்றை ஒவ்வொன்றாக அகற்றி முடித்த நிலையத்தில், நள்ளிரவில் அழைப்பு வரும்போது வண்டி கிளம்பும்.