அம்மா, அப்பா போனைப் பார்த்துக்கொடுக்கும் பிள்ளைகளுக்கு

பெரியவர்களின் ஆண்ட்ராய்டு போனை கூகுளோடும் கம்ப்யூட்டரோடும் இணைத்துத் தரும் பொறுப்பு இன்று வீட்டுப் பிள்ளைகளுடையது. அந்த வேலையில் இறங்கும் முன் இவற்றை மனதில் வையுங்கள்.

1. முதலில் கணக்கைப் பாருங்கள். பல போன்களில் கடைக்காரர் அவசரத்தில் தொடங்கிக் கொடுத்த ஜிமெயில்தான் இருக்கும். பாஸ்வேர்டு வீட்டில் யாருக்கும் தெரியாது. போன் கையில் இருக்கும்போதே புது பாஸ்வேர்டு போட்டு நோட்டில் எழுதிவையுங்கள்.

2. சிங்க் வேறு, பேக்கப் வேறு. சிங்க் எல்லா இடத்தையும் ஒரே மாதிரி வைத்திருக்கும். ஓரிடத்தில் அழித்தால் மற்ற இடத்திலும் அழியும். பேக்கப் என்பது தனியே எடுத்துவைத்த பிரதி. இரண்டும் வேண்டும்.

3. எண்களை சிம்மில் சேமிக்காதீர்கள். புது எண்ணைப் பதியும்போது சிம், போன், கூகுள் என்று மூன்று இடம் காட்டும். கூகுளைத் தேர்ந்தெடுத்தால், போன் தொலைந்தாலும் அதே கணக்கில் எண்கள் திரும்ப வரும். தவறி அழித்துவிட்டால் கம்ப்யூட்டரில் கூகுள் காண்டாக்ட்ஸைத் திறந்து, 30 நாட்களுக்குள் பழைய நிலைக்குத் திருப்பலாம்.

4. படத்தை அழிக்குமுன் யோசியுங்கள். பேக்கப் ஆன படத்தை கூகுள் போட்டோஸில் டெலிட் செய்தால் ஆன்லைனிலும் போய்விடும். 60 நாட்கள் மட்டுமே டிராஷில் கிடக்கும். போனில் இடம் போதவில்லை என்றால் அதே ஆப்பில் 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' இருக்கிறது. ஏற்கெனவே ஆன்லைனில் ஏறிய படங்களை மட்டும் அது போனிலிருந்து நீக்கும்.

5. இலவச இடம் 15 ஜிபிதான். ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றும் அதைப் பங்கிட்டுக்கொள்கின்றன. நிரம்பினால் படம் ஏறாது, மெயிலும் வராது. அவ்வப்போது பாருங்கள்.

6. கேபிளைச் செருகியதும் சார்ஜ் மட்டுமே ஏறும். போனின் மேலிருந்து அறிவிப்பை இழுத்து, 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' என்று மாற்றுங்கள். அப்போதும் கம்ப்யூட்டரில் போன் தெரியாவிட்டால் கேபிளை மாற்றிப் பாருங்கள். சில கேபிள்கள் சார்ஜுக்கு மட்டுமே. படங்கள் டிசிஐஎம் ஃபோல்டரில், கேமரா என்ற பெயரின்கீழ் இருக்கும். கட் செய்யாதீர்கள், காப்பி எடுங்கள். பாதியில் கேபிள் கழன்றாலும் மூலப்படம் பத்திரமாக இருக்கும்.

7. டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் போட்டால், கூகுள் தரும் 10 பேக்கப் கோடுகளையும் தாளில் எழுதி பீரோவில் வையுங்கள். ஓடிபி வரும் போனே தொலைந்தால் அவைதான் கைகொடுக்கும்.

8. மாதம் ஒருமுறை எல்லாப் படங்களையும் ஹார்டு டிஸ்கில் காப்பி எடுங்கள். எடுத்ததோடு விடாமல் நாலைந்து படங்களையும் ஒரு வீடியோவையும் திறந்து பாருங்கள். திறந்தால்தான் பிரதி இருக்கிறது என்று நம்பலாம்.