எமர்ஜென்சியை மூடாமல் இடிக்கத் தெரியுமா? வேலை உங்களுக்குத்தான்

ஆதம்பாக்கத்தில் ஷேரிங் ரூம், கையில் சிவில் டிகிரி. உங்களைப் போன்றவர்களில் பாதிப் பேர் அபார்ட்மென்ட் சைட்டுக்குத்தான் போகிறார்கள். அங்கே போட்டி அதிகம், சம்பளம் ஏறாது. ஓடிக்கொண்டிருக்கும் ஆஸ்பத்திரியைப் புதுப்பிக்கிற வேலைக்கு வாருங்கள். பெரிய கான்ட்ராக்டர்களே தயங்குகிற ஏரியா இது.

மாநில அரசின் 'தாய்' திட்டத்தில் அரசு மருத்துவமனைகளின் விபத்துப் பிரிவுகள் நோயாளியின் நிலைமையின் தீவிரத்தைப் பொறுத்து சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கும் ட்ரையாஜ் முறைக்கு மாறின. அதற்காக இடித்துக் கட்டும்போது 108 ஆம்புலன்ஸுக்கு லீவு விட முடியுமா?

1. முதலில் வேடிக்கை பாருங்கள். பரங்கிமலையில் ரயில் ஏறினால் பார்க் ஸ்டேஷன், எதிரே ஜி.ஹெச். எனும் ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனை. ஆம்புலன்ஸ் எங்கே நிற்கிறது, ஸ்ட்ரெச்சர் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று வெளியிலிருந்தே தெரியும். சிவப்புப் பகுதியில் ஒரு பெட்டை எடுக்கிறீர்களா? மாற்று பெட் ஓட ஆரம்பித்த பிறகுதான் சுத்தியலைத் தொட வேண்டும்.

2. இன்சார்ஜ் சிஸ்டரைப் பிடியுங்கள். டீன் கையெழுத்து ஃபைலில் இருக்கும். வேலை நடப்பது சிஸ்டர் தலையசைத்தால்தான். முக்கியமாக ஆக்சிஜன் லைன். டிராயிங் ஒன்று காட்டும், ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே பைப் வேறு பக்கம் ஓடும். திறந்து பார்த்து, போட்டோ எடுத்து, எந்த வால்வு எந்த பெட்டுக்கு என்று பயோமெடிக்கல் ஆளோடு சேர்ந்து லேபிள் ஒட்டுங்கள். பெட்டுக்குப் பெட் சிலிண்டர் வந்த பிறகே ஷட்டவுன். பெர்மிட்டில் உங்கள் பெயரும் இருக்கட்டும். கிரெடிட்டைச் சுருட்ட மேலே ஆள் இருக்கிறது.

3. தூசியைப் படியுங்கள். இடிக்கிற தூசியில் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை பறக்கும். எதிர்ப்புச் சக்தி குறைந்த நோயாளிக்கு அது ஆளைக் கொல்லும் நிமோனியா. தடுப்பு ஃபால்ஸ் சீலிங்கோடு நின்றால் பிரயோஜனமில்லை, மேல் ஸ்லாப் வரை போக வேண்டும். உள்ளே ஹெப்பா ஃபில்டர், நெகட்டிவ் பிரஷர். தடுப்புக் கதவிடுக்கில் ஒரு டிஷ்யூ பேப்பரைப் பிடியுங்கள். வேலை நடக்கும் பக்கம் இழுத்தால் சரி; வார்டு பக்கம் ஆடினால் வேலையை நிறுத்துங்கள். இன்டர்வியூவில் ஐ.சி.ஆர்.ஏ. என்று கேட்பார்கள். தூசி வேலையால் தொற்று பரவும் ஆபத்தை முன்கூட்டியே எடைபோடுகிற முறை அது. முக்கால்வாசிப் பேர் விழிப்பார்கள்.

4. தீ. 2022 ஏப்ரல் 27 அன்று அதே ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனையில் தீப்பிடித்தபோது நோயாளிகளை வெளியே கொண்டுவந்து காப்பாற்றினார்கள், உயிரிழப்பு இல்லை. உங்கள் தடுப்புச் சுவர் ஒரு எக்ஸிட்டை அடைத்தால், மாற்று வழியை அன்றைக்கே திறந்து போர்டு மாட்டுங்கள்.

5. ரெஸ்யூமேயில் சதுர அடியை எழுதாதீர்கள், எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள். எத்தனை ஷட்டவுன், சொன்ன நேரத்தில் எத்தனை முடிந்தது என்று எழுதுங்கள்.

ஒரு விஷயம். டிரில்லிங், கட்டிங் எல்லாம் கூட்டம் குறைகிற பின்னிரவுக்குத் தள்ளப்படும். நைட் அலவன்ஸை ஆஃபர் லெட்டரிலேயே எழுதி வாங்குங்கள். சேர்ந்த பிறகு கேட்டால் ஹெச்.ஆர். சிரிப்பார்.