எளிய பரிசோதனை நிலையத்தின் முடிவை நம்பலாமா?

கேள்வி: சென்னையின் நெரிசலான கடைத்தெருவில், நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகளும் ஒரு மின்விசிறியும் மட்டுமே உள்ள மாடி நிலையத்தில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 112 என்றும், மறுநாள் குளிரூட்டப்பட்ட பெரிய நிலையத்தில் 104 என்றும் வந்தால் எதை நம்புவது?
(வாசகர், சென்னை)

பதில்: இரண்டு முடிவுகளும் சொல்வது ஒன்றே. அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் வரையறைப்படி, வெறும் வயிற்றில் ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 100 முதல் 125 மில்லிகிராம் வரை சர்க்கரை இருப்பது நீரிழிவுக்கு முந்தைய நிலையாகும். முந்தைய இரவு உண்ட உணவு, தூக்கக் குறைவு, காய்ச்சல் ஆகியவற்றால் ஒரே உடலில் இந்த அளவு நாளுக்கு நாள் மாறுவதால், எட்டுப் புள்ளி வேறுபாட்டை மட்டும் வைத்து எந்த நிலையத்தையும் குறை கூறுவதற்கில்லை.

நாற்காலியும் குளிர்சாதனமும் காத்திருப்பவரின் வசதிக்கானவை. முடிவின் நம்பகத்தன்மையோ, இரத்தம் குழாயில் இறங்கிய கணம் முதல் அது கையாளப்படும் விதத்தைப் பொறுத்தது. சர்க்கரைப் பரிசோதனைக்குச் சாம்பல் நிற மூடியிட்ட குழாய் பயன்படுவதற்குக் காரணம், அதிலுள்ள சோடியம் ஃபுளோரைடு, இரத்த அணுக்கள் சர்க்கரையை உட்கொண்டு கரைத்துவிடாமல் தடுப்பதாகும்; இக்காப்பு இல்லாத குழாயில் அணுக்களைப் பிரிக்காமல் அறை வெப்பத்தில் விட்டால், மணிக்கு ஏறத்தாழ 5 முதல் 7 சதவீதம் வரை சர்க்கரை குறைந்துவிடும். ஊதா மூடிக் குழாயில் இரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கப்படும் இ.டி.டி.ஏ. என்னும் வேதிப்பொருளில் பொட்டாசியம் இருப்பதால், அதில் ஒரு துளி மற்றக் குழாயில் கலந்தாலும் பொட்டாசிய அளவு பொய்யாக உயர்ந்து காட்டும். நரம்பு தெரிவதற்காகக் கையை மூடித் திறந்துகொண்டே இருப்பதும் அவ்வாறே உயர்த்தக்கூடியது என்பதைப் பலர் அறிவதில்லை.

ஆகவே கவனிக்க வேண்டியது கூடத்தின் பளபளப்பை அன்று, இரத்தம் எடுப்பவரின் கைகளைத்தான்: புதிய ஊசி கண்ணெதிரே பிரிக்கப்படுகிறதா, பெயரும் வயதும் கேட்டு உறுதிசெய்யப்படுகின்றனவா, அவை எழுதிய சீட்டு நோயாளி எழுந்து செல்வதற்கு முன்பே குழாயில் ஒட்டப்படுகிறதா என்பவை முக்கியம். காலை ஏழு மணிக் கூட்டத்தில் இந்தக் கடைசிச் செயல் தள்ளிப்போனால், ஒருவரின் இரத்தம் இன்னொருவர் பெயரில் போய்விடக்கூடும். வேறெந்தக் குறையையும்விட இதுவே அஞ்சத்தக்கது. என்.ஏ.பி.எல். எனப்படும் தேசிய வாரியம், ஐ.எஸ்.ஓ. 15189 என்ற பன்னாட்டுத் தரத்தின்படி ஆய்வகங்களுக்குச் சான்றளிக்கிறது. அதன் முத்திரை ரிப்போர்ட்டில் உள்ளதா என்பதையும் பார்க்கலாம்.

நோயாளியின் பொறுப்பும் இதில் உண்டு. வெறும் வயிறு என்பது குறைந்தது எட்டு மணி நேரம் தண்ணீர் தவிர வேறெதுவும் உட்கொள்ளாத நிலையாகும்; சர்க்கரை போடாத காபியும் கூடாது. உணவுக்குப் பிந்தைய பரிசோதனைக்கான இரண்டு மணி நேரத்தை, இட்லியை முடித்துக் கை கழுவிய பிறகு அல்ல, முதல் வாய் உண்ணும்போதே எண்ணத் தொடங்க வேண்டும். அடுத்த முறையும் ஒரே நிலையத்திலேயே பரிசோதித்துக்கொண்டு, பழைய ரிப்போர்ட்டுகளையும் சேர்த்து மருத்துவரிடம் காட்டுங்கள்.