ஏகமும் எட்டு யுகங்களும்



தாங்கலில் திருஏடு வாசிப்பு முடிந்ததும் படிக்கிற பிள்ளைகள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "உலகம் எப்போது தொடங்கியது? அதற்கு முன்னே என்ன இருந்தது? காலம் தொடக்கமே இல்லாமல் பின்னால் போய்க்கொண்டே இருக்குமா?" பெரியவர்கள் இந்தக் கேள்வியை அடக்கிவிடக் கூடாது. இதற்கு நம் வழியில் பதில் உண்டு.

அறிஞர் வாதம்

கடந்த காலத்துக்கு எல்லையே இல்லையென்றால், எண்ணில் அடங்காத நாட்கள் கழிந்த பிறகே இன்றைய நாள் வர வேண்டும். எண்ணில் அடங்காதவை கழிந்து தீருவது எப்படி என்று ஒரு சாரார் கேட்பார்கள். எந்த நாளை எடுத்துக்கொண்டாலும் அதிலிருந்து இன்றுவரை எண்ணி முடித்துவிடலாமே, இதில் முரண் எங்கே என்று மறு சாரார் கேட்பார்கள்.

விஞ்ஞானிகளிடமும் இந்த வாதம் நடந்தது. பிரபஞ்சம் விரிந்துகொண்டே போகிறது என்று பெல்ஜியம் நாட்டுப் பாதிரியார் ஜார்ஜ் லெமேத்ர் 1927இல் எழுதினார். ஃபிரெட் ஹோயிலும் கோலாப்பூரில் பிறந்த நம் நாட்டு ஜெயந்த் நார்லிகரும் பிரபஞ்சத்துக்குத் தொடக்கமே இல்லை என்று வாதிட்டார்கள். வானமெங்கும் பரவியிருக்கும் பழைய வெப்பக் கதிர்வீச்சு 1965இல் தெரியவந்த பின், பெரும்பாலோர் பெருவெடிப்புக் கொள்கையை ஏற்றார்கள். இந்த விரிவு தொடங்கிச் சுமார் 1,380 கோடி ஆண்டுகள் ஆயின என்பது இன்றைய கணக்கு. அதற்கு முன்னே என்ன என்பதில் அவர்களுக்குள் இன்னும் ஒரு முடிவு இல்லை.

அகிலம் காட்டும் வழி

அகிலத்திரட்டு காலத்தை எட்டு யுகங்களாக எண்ணுகிறது: நீடிய யுகம், சதுர யுகம், நெடு யுகம், கிரேதா யுகம், திரேதா யுகம், துவாபர யுகம், கலியுகம், வரப்போகும் தர்ம யுகம். ஏகம் இந்த எண்ணிக்கைக்குள் வராது. யுகங்கள் தோன்றுவதும் ஒடுங்குவதும் ஏகத்தில்தான்.

ஆரல்வாய்மொழிக் கணவாயில் நிற்கும் காற்றாலையைப் பாருங்கள். நிறுவிய நாள் முதல் அது எத்தனை சுற்று சுற்றியது என்று கணக்குச் சொல்லலாம். காற்றோ அந்த ஆலைக்கு முன்னும் வீசியது. யுகங்கள் சுற்றுகளைப் போல. ஏகம் காற்றைப் போல. காற்றுக்கும் ஒரு காரணம் உண்டு, ஏகத்துக்கு அதுவும் இல்லை என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

ஆகவே பிள்ளைகளுக்கு இப்படிச் சொல்லலாம்: யுகங்களுக்குத் தொடக்கம் உண்டு, ஏகத்துக்கு இல்லை. பெருவெடிப்பைத்தான் அகிலம் சொன்னது என்று இழுத்துப் பொருத்த வேண்டாம். நாளை விஞ்ஞானக் கணக்கு மாறலாம். அதனால் நம் நம்பிக்கை ஆட வேண்டியதில்லை.

இதனால் நமக்கு என்ன?

தீமைக்கும் பிறப்பு உண்டு என்பதே இந்தக் கணக்கின் உயிர்நாடி. நீடிய யுகத்தில் குறோணி பிறந்தான். திருமால் அவனை ஆறு துண்டாக்கினார். ஒவ்வொரு துண்டும் அடுத்தடுத்த யுகத்தில் அசுரப் பிறவியாய் வந்தது. கடைசித் துண்டே கலி. ஆறோடு துண்டுகள் தீர்ந்தன. ஏழாவது துண்டு இல்லாததால் எட்டாவது யுகம் தர்ம யுகமாகிறது.

திருவிதாங்கூரில் நம் முன்னோர் ஊழியம் செய்தார்கள், தலைப்பாகை கட்டக் கூடாது என்று தடுக்கப்பட்டார்கள். "ஆதி தொட்டே இப்படித்தான்" என்பதே அன்று அடக்கியவர்கள் சொன்ன நியாயம். கொல்லம் 1008 மாசி 20இல் அவதரித்த அய்யா வைகுண்டர் அந்த "ஆதி தொட்டே" என்ற சொல்லை உடைத்தார். தொடங்கியது முடியும் என்று காட்டி, தலைப்பாகையோடு கண்ணாடி முன் நிற்க வைத்தார். கண்ணாடியில் தெரிகிற உங்களுக்குள்ளேதான் ஆதியில்லாத ஏகம் இருக்கிறது. ஏற்றத்தாழ்வுக்கு அந்த ஆதியில் இடமில்லை.

சிந்திக்க:
1. ஏகத்தை யுகங்களோடு சேர்த்து எண்ணாதது ஏன்?
2. "எப்போதும் இப்படித்தான்" என்று நாம் விட்டுவைத்திருக்கும் தீமை நம் வீட்டிலும் ஊரிலும் எது?

அய்யா உண்டு.