நான்குவழிச் சாலையும் விபத்தைக் காணும் கண்களும்

பரங்கிப்பேட்டையிலிருந்து கல்லூரிக்கு வரும் நாங்கள் பு.முட்லூரில்தான் நெடுஞ்சாலையைத் தொடுகிறோம். முன்பு 45-ஏ, இப்போது 32 என்னும் எண் கொண்ட தேசிய நெடுஞ்சாலை அது. இருவழியாய் இருந்த சாலை இன்று நான்குவழி, நடுவே தடுப்பு. வண்டிகள் எதிரெதிரே மோதும் கோர விபத்தைத் தவிர்ப்பதில் இத்தடுப்பு பெரிதும் உதவுகிறது. ஆனால் வேகமும் கூடிவிட்டதே!

இயற்பியல் மாணவன் என்ற முறையில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். தடையைக் கண்ட ஓட்டுநர் பிரேக்கை மிதிக்க 2.5 விநாடி ஆகும் என்பது நம் நாட்டுச் சாலைப் பொறியாளர்கள் கொள்ளும் அளவு. உராய்வுக் குணகம் 0.35 என்று கொள்வோம். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில், மிதிக்கும் முன் 28 மீட்டர், மிதித்தபின் 18 மீட்டர், ஆக 46 மீட்டரில் வண்டி நிற்கும். வேகம் 80 ஆனால் முன்னது இருமடங்காகி 56. பின்னது நான்கு மடங்காகி 72. ஆக 128 மீட்டர்! இரவில் தாழ்த்திய முகப்பு விளக்கு அவ்வளவு தூரம் காட்டுவதில்லை. எனவே விழுந்து கிடப்பவர் மீது அடுத்த வண்டியும் ஏறக்கூடும். விபத்தை விரைவில் அறிவது இதனால்தான் உயிர்ப் பிரச்சினையாகிறது.

ஓராண்டுக்கு முன் என் மாமா விடியுமுன் மீன்கூடையுடன் மொபெட்டில் போகையில், ஏதோ ஒரு வண்டி தட்டிவிட்டுப் போய்விட்டது. பழைய சாலையாயிருந்தால் டீக்கடைக்காரர் முதலில் ஓடி வந்திருப்பார். அங்கே கடையுமில்லை, வீடுமில்லை. வெகுநேரம் கழித்து லாரி ஓட்டுநர் ஒருவர் 108-க்குப் பேசினார். எந்த இடம் என்று கேட்டார்கள். வெளியூர்க்காரரான அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆம்புலன்ஸ் தடுப்புக்கு அப்பால், எதிர்ப்பக்கமாக வந்தது. மாமாவின் கண்ணெதிரே கடந்து போய், திரும்ப இடைவெளி தேடியது. உயிர் தப்பினார், வலக்கை மட்டும் இன்னும் தோளுக்கு மேல் எழும்புவதில்லை.

அமெரிக்காவில் சாலைக்கடியில் கம்பிச்சுருள் புதைத்து விபத்தைக் கண்டறிந்தார்கள். விபத்துக்குப் பின்னே வண்டிகள் நெருங்கும், முன்னே சாலை காலியாகும். அந்த வேறுபாட்டைக் கருவி உணர்ந்து அறிவிக்கும். கலிபோர்னியா முறை என்பது இதுவே. அருமையான யோசனைதான்! ஆனால் விடியற்காலை நான்கு மணிக்கு நெருங்குவதற்கு வண்டிகள் வேண்டுமே? அந்நேரத்தில், நின்றுவிட்ட வண்டியை நேராகக் கண்டு எச்சரிக்கும் காமிராவே உதவும். தேசிய நெடுஞ்சாலை ஆணையம் சில பெருஞ்சாலைகளில் இவற்றை அமைத்துள்ளது.

காமிரா இல்லாத இடத்தில் மைல்கல்லே துணை. கிலோமீட்டருக்கு ஒரு பெரிய கல், இடையே 200 மீட்டருக்கு ஒரு சிறிய கல் என்று நடுவது நம் நாட்டு வழக்கம். அந்த எண்ணை 108-க்கோ, நெடுஞ்சாலை உதவி எண்ணாகிய 1033-க்கோ சொன்னால் தேட வேண்டியதில்லை. எந்தப் பக்கத்துச் சாலை, சிதம்பரம் போகும் பக்கமா கடலூர் போகும் பக்கமா என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். மாமாவுக்கு எழுத்துத் தெரியாது, எண் தெரியும். இப்போது அவர் போகிற வழியிலுள்ள கல் எண்களை வரிசையாக ஒப்பிக்கிறார். நான்தான் இடையில் தடுமாறுகிறேன்.