கல், இரும்பு, கரித்துணி: தீவு வீட்டில் ஒரு சக்கிமுக்கி

ஜூன் பிறந்ததும் எங்கள் வீட்டுத் தீப்பெட்டி இடம் மாறிவிடும். அலமாரியிலிருந்து இறங்கி அரிசி டப்பாவுக்குள் போய்விடும். வெளியே விட்டால் இரண்டே நாளில் பெட்டியின் பக்கவாட்டு மருந்து ஊறி, குச்சியை உரசும்போது கழன்று வந்துவிடும். போர்ட் பிளேரை இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்கிறோம். பெயர் மாறினாலும் ஆண்டுக்குச் சுமார் 3000 மி.மீ. மழை மாறவில்லை. அந்தமான் காட்டுப் பப்பிதா மரம் ஒரு காலத்தில் தீக்குச்சிக்காகவே வெட்டப்பட்ட மென்மரம். குச்சிக்கு மரம் தந்த ஊரிலேயே குச்சி பற்றாத நாட்கள் பல. அப்படி ஒரு மழை நாளில்தான் சக்கிமுக்கி இரும்பு அடித்துப் பார்க்கும் ஆசை எனக்கு வந்தது.

இந்த மண்ணில் அதற்கு ஒரு பழைய கதையும் உண்டு. அந்தமான் பழங்குடிகள் தீயை உண்டாக்கவில்லை, அணையாமல் காத்தார்கள் என்று 1880களில் ஆங்கிலேய அதிகாரி இ.எச். மேன் எழுதினார். 1906 முதல் 1908 வரை இங்கே தங்கி ஆய்வு செய்த மானிடவியலாளர் ராட்கிளிஃப்-பிரவுனும் அதையே சொன்னார். இடம் பெயரும்போது புகையும் கட்டையை இலையில் பொதிந்து கூடவே எடுத்துச் செல்வார்கள். அவர்களிடம் கூர்மையான படிகக்கல் சில்லு இருந்தது. அதைக்கொண்டு தலைமுடி மழித்தார்கள். உடைந்த கப்பல்களிலிருந்து கிடைத்த இரும்பும் இருந்தது. அதை உலையில் காய்ச்சாமல் தட்டியே அம்புமுனை ஆக்கினார்கள். கல்லும் இரும்பும் கையில் இருந்தும் இரண்டையும் மோதித் தீ எடுக்கவில்லையே என்று கேட்பவர்கள் உண்டு. கப்பல் ஆணியும் வளையமும் பெரும்பாலும் மென்னிரும்பு. அதைக் கல்லில் நாள் முழுக்கத் தட்டினாலும் பொறி பறக்காது. பறந்தாலும் இந்த ஈரத்தில் அதைப் பிடித்துக்கொள்ளப் பஞ்சு வேண்டும். தீயை அணையவிடாமல் வைத்திருந்தவர்கள் இந்தத் தீவின் ஈரத்தை நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள்.

ஆகவே இதில் வேலை இரண்டு: பொறி விடும் இரும்பை அடிப்பது, பொறியைப் பிடிக்கும் துணியைக் காய்ச்சுவது. இரண்டாவதுதான் தீவில் கடினம்.

எந்த இரும்பு

கல்லின் கூர்முனை இரும்பிலிருந்து கண்ணுக்குத் தெரியாத சீவலைச் சீவி எடுக்கிறது. சீவும் வேகத்திலேயே அது சூடேறி, காற்றில் பட்டதும் எரிகிறது. அதுதான் பொறி. இரும்பில் கரிச்சத்து மிகுந்து, சிவக்கக் காய்ச்சி எண்ணெயிலோ நீரிலோ அமிழ்த்தும் தோய்ச்சலும் ஏறி, கண்ணாடி போல் இறுகியிருந்தால்தான் சீவல் அப்படி நொறுங்கி வரும். கட்டடக் கம்பி, ஜன்னல் கம்பி, சாதாரண ஆணி எதுவும் உதவாது. லாரியின் பட்டை வில்லில் கரிச்சத்து அரை சதவீதத்துக்குச் சற்று மேல்தான்; பொறி வரும், ஆனால் சோம்பலாக வரும். தேய்ந்துபோன அரம்தான் இதற்கு ராஜா. நல்ல அரத்தில் கரிச்சத்து ஒரு சதவீதத்தைத் தாண்டும்.

மலிவான அரங்களில் சில மேல்தோல் மட்டும் இறுகியவை. சாக்கில் சுற்றி வைஸில் இறுக்கி, நுனியை ஒரு தட்டுத் தட்டுங்கள். பிஸ்கட் போலப் பட்டென்று முறிந்து, முறிந்த முகம் சாம்பல் நிறத்தில் நுண்மையாக இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். முறியாமல் வளைந்தால் வேறு அரம் தேடுங்கள். தட்டும்போது கண்ணாடி அணிந்திருங்கள். அரத்துச் சில்லு கண்ணைத் தேடி வரும்.

உலையும் பட்டடையும்

ஆரம்பிப்பவருக்குப் பெரிய உலை வேண்டாம். பழைய லாரி பிரேக் டிரம், அடியில் ஒரு இரும்புக் குழாய், குழாயின் மறுமுனையில் கைச்சுற்றுத் துருத்தி அல்லது பழைய ஹேர் டிரையர். உட்புறம் களிமண்ணும் சாம்பலும் பிசைந்து பூசி, நன்றாக உலரவிடுங்கள். இங்கே அது ஒரு வாரம்கூட ஆகும். கடற்கரையில் கிடக்கும் பவழக்கல்லை உலைக்குள் அடுக்க வேண்டாம். சூட்டில் அது சுட்ட சுண்ணாம்பாகிவிடும். உள்ளே ஈரம் இருந்தால் வெடிக்கும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பவழத்தை எடுப்பதே குற்றம். துத்தநாகம் பூசிய எந்தப் பொருளும் நெருப்பில் படக் கூடாது. கூரைத் தகடு, வாளி, போல்ட் என்று தீவில் எல்லாவற்றுக்கும் அந்தப் பூச்சு உண்டு. எரிந்தால் வரும் வெள்ளைப் புகை காய்ச்சலில் படுக்க வைத்துவிடும்.

கரிக்கு நாம் கொடுத்து வைத்தவர்கள். கொட்டாங்குச்சிக் கரி சூடு மிகுந்தது, புகை குறைந்தது, பொற்கொல்லர்கள் விரும்புவது. கொப்பரை காய வைக்கும் கொட்டகையில் கேட்டால் சிரட்டை கிடைக்கும். மூடியுள்ள இரும்புப் பீப்பாயில் போட்டு எரித்து, தணல் நன்றாகப் பிடித்ததும் மூடி, காற்றுப் புகாமல் மறுநாள் வரை விடுங்கள்.

தீவில் ரயில் இல்லை, அதனால் தண்டவாளத் துண்டு கிடைப்பது குதிரைக்கொம்பு. ஆறு கிலோ சம்மட்டியின் தலையை மரக்கட்டையில் பாதி புதைத்து நிறுத்தினால் இந்த வேலைக்கு அதுவே போதுமான பட்டடை. ஒரு கிலோ சுத்தியல், நீளக் குறடு, வாளி நிறையத் தண்ணீர், பருத்திச் சட்டை, தோல் செருப்பு. பாலியஸ்டர் லுங்கியோடு உலைப் பக்கம் போகாதீர்கள்.

அடிக்கும் விதம்

முதலில் அரத்தை மென்மையாக்க வேண்டும். சிவக்கக் காய்ச்சி, உலர்ந்த சாம்பலில் புதைத்து, இரவு முழுக்க விடுங்கள். காலையில் கிரைண்டரில் பற்களை முழுதும் தேய்த்து எடுங்கள். சோம்பல்பட்டுப் பற்களோடு அடித்தால் ஒவ்வொரு பல்லிடுக்கும் மடிந்து உள்ளே ஒரு வெடிப்பாகத் தங்கிவிடும். தோய்ச்சலில் அந்த இடத்தில்தான் இரும்பு விட்டுக்கொடுக்கும்.

15 செ.மீ. நீளம், ஏறக்குறைய 12 மி.மீ. அகலம், 4 மி.மீ. தடிமன் வரும்படி வெட்டிக்கொள்ளுங்கள். இரு முனைகளையும் காய்ச்சி, எலிவால் போல ஒடுக்கி இழுங்கள். ஒவ்வொரு வாலின் நுனியையும் பட்டடை விளிம்பில் சிறு சுருளாகச் சுருட்டுங்கள். பிறகு வால்களை உள்நோக்கி வளைத்தால் நடுவில் ஏழெட்டு செ.மீ. நேர்ப்பட்டை நிற்கும், விரல்கள் நுழைய இடமும் இருக்கும். நேர்ப்பட்டையின் வெளி விளிம்புதான் கல்லில் படும் முகம். அதை மெலிய விடாதீர்கள்.

பக்கத்துப் பட்டறையில் ஒரு பெரியவர் இருந்தார். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்த ஆசாரி. நான் அடிப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “சிவப்புல அடி தம்பி, கறுப்புல தொடாத. வெள்ளைக்கும் போகாத” என்றார். கரிச்சத்து மிகுந்த இரும்புக்கு இந்த ஒரு சொல்லே பாடம். செஞ்சிவப்பு மங்கியபின் அடித்தால் விரிசல் விடும். மஞ்சளைத் தாண்டி வெள்ளைக்குப் போய் மத்தாப்பு போலச் சிதற ஆரம்பித்தால் இரும்பே எரிந்துபோய்விட்டது. அந்தத் துண்டை வெட்டி எறிய வேண்டியதுதான்.

வடிவம் வந்ததும் மூன்று முறை சிவக்கக் காய்ச்சிக் காற்றில் ஆறவிடுங்கள். சுத்தியல் ஏற்றிய இறுக்கம் இறங்கிவிடும்.

தோய்ச்சல்

நிறம் பார்த்துச் செய்யும் வேலை, அதனால் வெயிலில் செய்யக் கூடாது. டிசம்பரில் இங்கே ஐந்து மணியளவில் சூரியன் இறங்கிவிடும். அந்த மங்கல் தோதான நேரம். பழைய ஸ்பீக்கர் காந்தத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சுமார் 770 டிகிரியில் இரும்பு காந்தத்தில் ஒட்டாமல் போகும். அதற்குப் பிறகு இன்னும் ஒரு சாயல் சிவப்பு ஏற்றி, முழுதும் ஒரே நிறமானதும் எண்ணெயில் இறக்க வேண்டும்.

எண்ணெய் தேங்காய் எண்ணெய்தான். இரும்பு டின்னில் இரண்டு லிட்டர், கை பொறுக்கும் சூட்டுக்குச் சற்று மேல். பிளாஸ்டிக் பாத்திரம் கூடவே கூடாது. இரும்பை ஒரே மூச்சில் முழுதும் அமிழ்த்துங்கள். பாதி வெளியே நின்றால் எண்ணெய் பற்றிக்கொள்ளும். மூட ஒரு தகடு கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். எரியும் எண்ணெயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

எண்ணெயிலிருந்து எடுத்து, முகத்தின் மேல்தோலை லேசாகத் தேய்த்துவிட்டு, அங்கே புது அரத்தை வைத்து இழுங்கள். வழுக்கிக்கொண்டு போனால் தோய்ச்சல் ஏறிவிட்டது. கடித்தால் மறுபடி காய்ச்சி, வெதுவெதுப்பான மழைத்தண்ணீரில் தோய்த்தெடுங்கள். வாசலிலேயே கடல் இருக்கிறதே என்று கடல்நீரில் தோய்க்க நினைப்பீர்கள். உப்புநீர் நல்ல தண்ணீரைவிட வேகமாகச் சூட்டை உறிஞ்சும். இவ்வளவு கரிச்சத்துள்ள மெல்லிய துண்டு அதைத் தாங்காது.

இனி நான் செய்த தவறைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதிதாய்ச் செய்பவர் எல்லாரும் வந்து நிற்கும் இடம் இது. என் முதல் இரும்பு கச்சிதமாக இறுகியது. அரம் வழுக்கியது. ஆனால் கல்லில் தட்டினால் ஒரு பொறிகூட இல்லை. தோய்ச்சல் பழுது என்று முடிவு கட்டி, மறுபடி காய்ச்சித் தண்ணீரில் போட்டேன். ‘டிங்’ என்று ஒரு சின்ன ஓசை, வீணைத் தந்தி அறுந்தது போல. எடுத்துப் பார்த்தால் நடுப்பட்டையில் குறுக்காக மயிரிழை விரிசல். பெரியவர் அதை வாங்கி, சாணைக்கல்லில் முகத்தை நாலு இழு இழுத்து, கல்லில் தட்டினார். விரிசல் விட்ட அதே இரும்பிலிருந்து பூவாய்ப் பொறி கொட்டியது.

நடந்தது இதுதான். உலையில் திரும்பத் திரும்பக் காயும்போது இரும்பின் மேல்தோலிலிருந்து கரிச்சத்து எரிந்து போய்விடுகிறது. உள்ளே எஃகு, வெளியே காகிதம் போல மென்னிரும்பு. என் அரம் வழுக்கியதும் அந்தத் தோலின் மேல் ஒட்டியிருந்த கறுத்த செதிலில்தான். எனவே தோய்த்த பிறகு முகத்தைப் பளபளவென்று வெள்ளி தெரியும்வரை தேய்க்க வேண்டும். தேய்க்கும்போது அடிக்கடி தண்ணீரில் நனையுங்கள். நீலம் பாய்ந்தால் இறுக்கம் இறங்கிவிட்டது என்று பொருள்.

முகம் இறுகியே இருக்கட்டும். ஆனால் சுருள்கள் அப்படியே இருந்தால் கீழே விழுந்ததும் உடையும். நேர்ப்பட்டையை ஈரத்துணியில் பொதிந்து, வேறொரு தடித்த கம்பியைச் சிவக்கக் காய்ச்சிச் சுருளில் ஒட்டிப் பிடியுங்கள். நீலம் ஓடியதும் எடுத்துவிடலாம்.

கல்லும் துணியும்

தெற்கு அந்தமானில் சிவப்பு, பழுப்பு நிறச் செர்ட் கல் பாறைகளில் உண்டு. உடைத்தால் சிப்பி போல வளைந்த முகமும் கத்திக் கூரும் வரும், கண்ணாடியைக் கீறும். அதற்காகக் காட்டுக்குள் போக வேண்டாம், பழங்குடிக் காப்பகப் பக்கம் போகவே வேண்டாம். வீட்டு வேலைக்கு இறக்கிய ஜல்லிக் குவியலைக் கிளறிப் பாருங்கள். கிடைக்காவிட்டால், ஊரிலிருந்து வருகிறவர்களிடம் கைப்பிடி வெங்கச்சங்கல் கொண்டுவரச் சொல்லுங்கள். உருண்டைக் கல்லை உடைத்துக் கூர் முகம் எடுத்தால்தான் பயன்.

துணி நூற்றுக்கு நூறு பருத்தியாக இருக்க வேண்டும். பழைய வேட்டி நல்லது. உள்ளங்கையளவு துண்டுகளை, செருப்புப் பாலிஷ் டப்பா போன்ற ஒரு தகர டப்பாவில் தளர்வாக அடுக்கி, மூடியில் ஆணியால் ஒரு துளை இட்டுத் தணலில் வையுங்கள். துளை வழியே புகை வரும், சில நேரம் சின்னச் சுடரும் வரும். புகை நின்றதும் எடுத்து, டப்பா முழுதும் ஆறும்வரை திறக்காதீர்கள். அவசரப்பட்டுத் திறந்தால் உள்ளே உள்ளது அத்தனையும் சாம்பலாகிவிடும். துணி கன்னங்கரேலென்று, கிள்ளினால் கிழியும் அளவுக்கு இருப்பதுதான் பதம். பழுப்பு மிச்சம் இருந்தால் இன்னும் கொஞ்சம் வாட்ட வேண்டும்.

தமிழ்நாட்டில் இலவம்பஞ்சையும் கூந்தற்பனை மட்டை அடியில் பூக்கும் பஞ்சையும் இதற்குப் பயன்படுத்தினார்கள். அழகுக்கு வைத்த கூந்தற்பனை வீட்டில் இருந்தால் சுரண்டி எடுத்துக் காயவைத்துப் பாருங்கள்.

கல்லை இடக்கையில் பிடித்து, கூர் விளிம்புக்கு ஒரு மயிரளவு பின்னே கரித்துணியை வைத்துக் கட்டைவிரலால் அழுத்துங்கள். இரும்பை வலக்கையில் பிடித்து, விளிம்பைச் சீவிக்கொண்டு போவது போலச் சாய்வாக, கீழ்நோக்கி அடியுங்கள். பலம் தேவையில்லை, சாய்வுதான் தேவை. பொறி துணியில் விழுந்தால் குண்டூசித் தலையளவு சிவப்புப் புள்ளி தெரியும். ஊதினால் அது வட்டமாகப் பரவும். தேங்காய் நாரைப் பிரித்துக் குருவிக்கூடு போல முன்பே ஒரு கூடு செய்து வைத்திருங்கள்; உடனே அதற்குள் துணியைப் பொதிந்து, மெல்ல நீளமாக ஊதுங்கள். வெண்புகை திரண்டு, பிறகு குபீரென்று பிடிக்கும். அதன்மேல் வைக்க உலர்ந்த பன்னாடையை மிஞ்சியது எதுவும் இல்லை. மழைக்காலத்துக்காக அடுப்பு மேலே பரணில் ஒரு கட்டுப் பன்னாடை போட்டு வையுங்கள்.

இரும்பைத் தேங்காய் எண்ணெய் தடவி வையுங்கள், உப்புக்காற்றில் ஒரே வாரத்தில் துரு ஏறும். தட்டும் முன் முகத்தைத் துடைத்துவிடுங்கள். எண்ணெய்ப் பிசுக்குள்ள இரும்பையும் கரித்துணியையும் ஒரே பையில் போடாதீர்கள். துணியைத் திருகுமூடிக் கண்ணாடி பாட்டிலில், வறுத்த அரிசி ஒரு பிடி போட்டு மூடி வையுங்கள். ஜூலையில் வாரம் ஒருமுறை ஒரு துண்டை எடுத்துத் தட்டிப் பாருங்கள். பத்துத் தட்டுக்குள் புள்ளி பிடிக்காவிட்டால் துணி ஈரம் குடித்துவிட்டது. அரிசியை மாற்றி, துணியை அதே தகர டப்பாவில் இன்னொரு முறை வாட்டி எடுங்கள்.