மடிவீக்கமும் வெள்ளையணுக்களும்

கறவை மாடு வளர்ப்போருக்கு மடிவீக்க நோய் புதிதன்று. மடியின் ஒரு பகுதி சிவந்து தடிக்கிறது; தொட்டால் சுடுகிறது; கை வைத்தால் மாடு உதைக்கிறது; பால் திரிந்து, திப்பி திப்பியாக வருகிறது. இவை யாவும் கிருமியின் வேலை என்றே நாம் எண்ணுகிறோம். உண்மையில், உள்ளே புகுந்த கிருமியை அழிக்க மாட்டின் உடல் நடத்தும் போரின் அடையாளங்களே இவை. அப்போரை நடத்துபவை இரத்தத்தில் உள்ள வெள்ளையணுக்கள். அவை எவ்வாறு வேலை செய்கின்றன என்று தெரிந்துகொண்டால், எப்போது அவற்றுக்குத் துணை நிற்க வேண்டும், ஏன் தாமதிக்கக் கூடாது என்பது எளிதில் விளங்கும்.

வெள்ளையணுக்கள் எவை?

வெள்ளையணுக்கள் பெரும்பாலும் எலும்பின் உள்ளே இருக்கும் மச்சையில் உண்டாகின்றன. நலமான மாட்டின் இரத்தத்தில் ஒரு கன மில்லி மீட்டருக்குச் சுமார் 4,000 முதல் 12,000 வரை இவை உள்ளன. அதே அளவு இரத்தத்தில் சிவப்பணுக்கள் 50 இலட்சத்திற்கும் மேல் இருக்கும். எண்ணிக்கையில் குறைவாயினும் உடலின் காவல் முழுவதும் வெள்ளையணுக்களைச் சார்ந்ததே.

இவற்றில் பல வகைகள் உண்டு. நியூட்ரோபில் என்னும் அணுக்கள் கிருமியைத் தேடிச் சென்று விழுங்குபவை. மேக்ரோபேஜ் என்பவை திசுக்களிலேயே தங்கிக் காவல் காத்து, கிருமி புகுந்தால் செய்தி அனுப்புபவை. அழிந்த அணுக்களை விழுங்கித் துப்புரவு செய்வதும் இவற்றின் வேலை. லிம்போசைட் அணுக்கள் கிருமியை அடையாளம் கண்டு நினைவில் வைத்து, எதிர்ப்பொருள்களை உண்டாக்குபவை. தடுப்பூசி பயன் தருவது இந்த நினைவாற்றலால்தான்.

வெள்ளையணுக்கள் அந்நியப் பொருளைச் சூழ்ந்து விழுங்கும் என்பதற்கு வழிகாட்டியவர் மெச்னிகாப் என்னும் ரஷ்ய விஞ்ஞானி. 1882ஆம் ஆண்டில் இத்தாலியின் மெசினா நகரில், நட்சத்திர மீனின் இளம் உயிரிகளுக்குள் முள்ளைச் செருகி வைத்தார். மறுநாள் பார்த்தபோது நகரும் அணுக்கள் அம்முள்ளைச் சூழ்ந்திருந்தன. இத்துறையில் செய்த பணிக்காக 1908இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

மடிக்குள் நடப்பது என்ன?

மாட்டின் மடி நான்கு தனித்தனிப் பகுதிகளைக் கொண்டது. ஒவ்வொன்றுக்கும் ஒரு காம்பு. காம்பின் நுனித் துளையே கிருமி நுழையும் வாசல். பால் கறந்தவுடன் இத்துளை முழுவதும் மூடிக்கொள்வதில்லை. அதற்கு அரை மணி முதல் இரண்டு மணி நேரம் வரை ஆகலாம். அந்நேரத்தில் மாடு சாணத்திலும் மூத்திரத்திலும் படுத்தால் கிருமி எளிதில் உள்ளே ஏறிவிடும்.

உள்ளே வந்த கிருமியை மடியில் உள்ள மேக்ரோபேஜ் அணுக்களும் பால் சுரக்கும் அணுக்களும் கண்டுகொண்டு, சில இரசாயனப் பொருள்களை வெளியிடுகின்றன. இவையே அபாயச் செய்தி. செய்தி கிடைத்ததும் அப்பகுதியின் இரத்தக் குழாய்கள் விரிகின்றன. இரத்தம் மிகுதியாக வருவதால் சிவப்பும் சூடும் உண்டாகின்றன. குழாய்ச் சுவர்களில் இடைவெளி ஏற்பட்டு நீர் கசிவதால் வீக்கம் உண்டாகிறது. நரம்புகள் தூண்டப்படுவதால் வலி ஏற்படுகிறது. இதைத்தான் அழற்சி என்கிறோம்.

அதே இடைவெளிகளின் வழியே நியூட்ரோபில் அணுக்கள் கூட்டம் கூட்டமாக மடிக்குள் நுழைந்து கிருமிகளை விழுங்கி அழிக்கின்றன. பாலில் காணும் திப்பிகள், இறந்த வெள்ளையணுக்களும் உதிர்ந்த மடித்திசுவும் உறைந்த புரதமும் சேர்ந்தவையே.

ஆனால் இங்கு ஓர் இடையூறு உண்டு. பாலில் இருக்கும் கொழுப்புத் துளிகளையும் கேசீன் புரதத்தையும்கூட இவ்வணுக்கள் விழுங்கிவிடுகின்றன. அதனால், இரத்தத்தில் இருக்கும்போது உள்ள வலிமை பாலுக்குள் வந்தபின் குறைகிறது. எனவே மடியில் போர் நீடிக்க வாய்ப்பு அதிகம்.

காப்பவையே கெடுப்பது எப்படி?

கிருமியைக் கொல்ல நியூட்ரோபில்கள் கையாளும் நொதிகளும் காரமான இரசாயனப் பொருள்களும் கிருமி எது, மடித்திசு எது என்று வேறுபாடு பார்ப்பதில்லை. களைக்குத் தெளித்த மருந்து காற்றில் பரவிப் பயிரையும் கருக்குவது போல, சிந்திய பொருள்கள் பால் சுரக்கும் அணுக்களையும் அழிக்கின்றன. இரண்டொரு நாளில் கிருமி ஒழிந்தால் திசு பெரும்பாலும் தேறிவிடும். வாரக்கணக்கில் நீடித்தால், அழிந்த சுரப்புத் திசுவின் இடத்தில் நார்த்திசு வளர்ந்து மடி கல் போல இறுகிவிடும். பின்னர் எந்த மருந்து கொடுத்தாலும் அப்பகுதி பழையபடி பால் சுரக்காது. ஸ்டெபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி, தன்னை விழுங்கிய வெள்ளையணுவுக்குள்ளேயே உயிர் பிழைத்திருக்கக் கூடியது. இதனாலேயே நாள்பட்ட மடிவீக்கம் மருந்துக்குக் கட்டுப்படுவது அரிதாகிறது.

கண்ணுக்குத் தெரியாத மடிவீக்கம்

வீக்கமோ திப்பியோ இல்லாமலே மடிக்குள் இப்போர் நடப்பதுண்டு. பால் பார்வைக்கு நன்றாகவே இருக்கும். அளவு மட்டும் குறையும். நலமான மடியின் பாலில் ஒரு மில்லி லிட்டரில் பொதுவாக ஓர் இலட்சத்திற்கும் குறைவான அணுக்களே இருக்கும். இது 2 இலட்சத்தைத் தாண்டினால் நோய் புகுந்துள்ளது என்று கொள்ளலாம்.

இதைத் தொழுவத்திலேயே சோதிக்கலாம். 100 மில்லி தண்ணீரில் 3 கிராம் சலவைத்தூளைக் கரைத்துக்கொள்ளுங்கள். முதல் சில பீச்சுகளை நீக்கியபின், நான்கு காம்புகளின் பாலையும் நான்கு சிறு கிண்ணங்களில் தனித்தனியே பிடியுங்கள். ஒவ்வொன்றிலும் பாலின் அளவுக்குச் சமமாகக் கரைசலை ஊற்றி, ஒரு நிமிடம் மெல்லச் சுழற்றுங்கள். கலவை கூழ் போலக் கெட்டியாகி வழவழத்தால் அப்பகுதியில் நோய் இருக்கிறது. சலவைத்தூள் வெள்ளையணுக்களை உடைக்க, அவற்றின் உள்ளே இருக்கும் மரபுப் பொருள் வெளிவந்து கூழாவதே காரணம். சீம்பாலுக்கும், கறவை வற்றும் தறுவாயில் உள்ள பாலுக்கும் இச்சோதனை சரிப்படாது. சோதித்த பாலைக் கொட்டிவிட வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

1. கறந்தவுடன் மாட்டுக்குத் தீவனம் வைத்து, ஒரு மணி நேரமாவது படுக்காமல் நிற்கச் செய்யவும். தொழுவத்தை உலர்வாக வைத்திருக்கவும்.

2. கறக்கும் முன் கையையும் மடியையும் கழுவி, தூய துணியால் ஈரம் போகத் துடைக்கவும். கட்டைவிரலை மடக்கிக் கறப்பதைத் தவிர்த்து முழுக்கையால் கறக்கவும். கறந்தபின் கால்நடை மருத்துவர் கூறும் அயோடின் கரைசலில் காம்புகளை நனைக்கவும்.

3. முதல் பீச்சுகளைக் கருநிறக் கிண்ணத்தில் பீச்சித் திப்பி உள்ளதா என்று நாள்தோறும் பார்க்கவும். நோயுற்ற மாட்டைக் கடைசியில் கறக்கவும். அப்பாலைத் தரையில் பீச்சாமல் பாத்திரத்தில் பிடித்து அப்புறப்படுத்தவும்.

4. கன்று ஈனுவதற்குச் சற்று முன்னும் பின்னும் வெள்ளையணுக்களின் திறன் குறைந்திருக்கும். அக்காலத்தில் பசுந்தீவனமும் தாது உப்புக் கலவையும் தவறாமல் கொடுக்கவும். வைட்டமின் ஈ, செலினியம் ஆகியவை இவ்வணுக்களின் வலிமைக்குத் தேவை.

5. வீக்கம் கண்ட அன்றே கால்நடை மருத்துவரை அழைக்கவும். அவர் கூறியபடி மருந்தை முழு நாள்களுக்கும் கொடுக்கவும். வீக்கம் வடிந்தது என்று நடுவில் நிறுத்தினால் எஞ்சிய கிருமி மீண்டும் தலைதூக்கும். மருந்து கொடுக்கும் நாள்களிலும், அதன்பின் மருத்துவர் குறிப்பிடும் நாள்கள் வரையிலும் அப்பாலை விற்கவோ குடிக்கவோ கூடாது.

மடிக்குள் புகும் கிருமியை எதிர்க்க மாட்டின் வெள்ளையணுக்கள் எப்போதும் அணியமாகவே உள்ளன. போர் குறுகிய காலத்தில் முடிந்தால் மடி பிழைக்கும்; நீண்டால் வெற்றி பெற்றாலும் மடி பாழ். ஆகவே, கிருமி புகாமல் காப்பதும், புகுந்துவிட்டால் ஒரு நாளும் தாமதிக்காமல் சிகிச்சை அளிப்பதும் உங்கள் கையில்தான் இருக்கின்றன.